பலம் தராத சட்டைக்கு ஏன் இத்தனை விலை? இணைய ஆர்.பி.ஜி. விளையாட்டுகளில் உடையும் சந்தையும்

ராயபுரம் ரேஞ்சர் எழுதியது:

இந்தக் குழுமத்தில் எந்த வாளை வாங்கலாம், எந்தக் கவசம் அடுத்த பாஸ் (பெரிய அரக்கன்) சண்டைக்குத் தாங்கும் என்று யாராவது கேட்டால் விடிவதற்குள் பதில்கள் வந்து குவிந்துவிடுகின்றன. எந்தத் தொப்பி எடுப்பாக இருக்கும் என்று கேட்பவரையோ இரண்டு வரியில் கிண்டல் செய்துவிட்டு எல்லோரும் கலைந்துவிடுகிறோம். கதாபாத்திரம் ஒன்றை வளர்த்து ஆடும் இந்த ஆர்.பி.ஜி. விளையாட்டுகளுக்குள் பணம் எப்படி ஓடுகிறது என்பதை உற்றுப் பார்த்தால், கிண்டலுக்கு உரியவர்கள் வாள் வாங்கும் நாம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாளுக்கு ஆயுள் குறைவு. ஆட்டத்தைப் பெரிதாக்கும் புதிய விரிவாக்கம் வெளியாகும் அன்று, மாதக்கணக்கில் உழைத்துப் பெற்ற வாளைவிட முதல் ஊரில் முதல் வேலையை முடித்ததற்காகக் கையில் திணிக்கப்படும் வாள் வலுவானதாக இருக்கும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடியவர்கள் இந்த வயிற்றெரிச்சலை ஒவ்வொரு விரிவாக்கத்திலும் அனுபவித்திருப்பார்கள். வாளின் பலத்தை ஓர் எண் சொல்கிறது; உடையின் மதிப்பு அப்படி எண்ணில் எழுதப்படவில்லை. ஆகவே இன்னும் பெரிய எண் ஒன்று வந்து அதைத் தோற்கடிக்க வழியில்லை.

ரூன்ஸ்கேப் என்ற ஆட்டத்தின் காகிதத் தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 கிறிஸ்துமஸ் சமயத்தில் அதை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் ஆட்டக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் வெடிகளை இறைத்தது. இருவர் சேர்ந்து வெடியை இழுத்தால் ஒருவருக்கு அந்தத் தொப்பி கிடைக்கும். அதனால் தாக்கும் வலிமையும் கூடாது, தற்காப்பும் கூடாது. பலர் அதைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தரையில் போட்டுவிட்டுப் போனார்கள். வெடிகளின் வரத்து அத்தோடு நின்றது. பிற்காலத்தில் அதன் விலை, ஒரு குவியலில் விளையாட்டு அனுமதிக்கும் உச்ச எண்ணான 2,147,483,647 நாணயங்களையும் தாண்டிச் சென்றது. கணினியில் 32 பிட் முழு எண் எட்டக்கூடிய எல்லை அது. விற்பவரும் வாங்குபவரும் மீதித் தொகைக்கு வேறு பொருள்களைச் சேர்த்துவைத்துப் பேரத்தை முடிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் ஆட்டத்தின் மிகச் சிறந்த ஆயுதமாக இருந்தது எதுவென்று இன்று யாருக்கு நினைவிருக்கிறது?

பலம் தராத உடைதான் இந்தச் சந்தைகளைத் தாங்கும் தூண் என்பது என் கருத்து. விவாதத்துக்கு நான் வைக்கும் கேள்வி வேறு: அந்த உடையை ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வாங்கி விற்க விடலாமா, அல்லது நிறுவனமே கடை விரித்து விற்று, வாங்கியவரின் கணக்கோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டுமா?


எம்.சி. ரோடு கட்பீஸ் எழுதியது:

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எங்கள் குடும்பத்துக்கு ரெடிமேட் கடை இருப்பதால் இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தெருவில் பண்டிகைச் சரக்குக்கு ஒரே விதிதான் உண்டு. தீபாவளிக்கு முந்தைய இரவு கடைசி வாடிக்கையாளர் போகும்வரை விலை நிற்கும். பண்டிகை முடிந்த மறுவாரம் அதே சட்டையைக் கட்டிலில் கொட்டிப் பாதி விலை சொன்னாலும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சரக்கு தேங்கினால் சாயம் மங்கும், மடிப்பில் கறை ஏறும், அடுத்த ஆண்டு காலரின் அளவே மாறியிருக்கும். ஆகவே தேங்கிய சரக்கை நட்டத்துக்காவது தள்ளிவிட வேண்டும் என்பதே எங்கள் பாடம்.

விளையாட்டுகளில் இது தலைகீழாக நடக்கிறது. திருவிழா நடக்கும் நாள்களில் உடை எல்லோர் பையிலும் கிடப்பதால் சந்தையில் அடிமாட்டு விலைக்குப் போகிறது. திருவிழா முடிந்தபின் விலை மெல்ல ஏறத் தொடங்குகிறது. திருவிழாவின் இறுதி நாளன்று வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்துவிடுவதே என் வழக்கம். துணி கெடாது என்பதும் வரத்து நின்றுவிட்டது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஆட்டத்தை விட்டுப் போகிறவர் தன் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போவதில்லை. வேலை கிடைத்தது, திருமணம் ஆனது, கடவுச்சொல் மறந்தது என்று ஒவ்வொரு கணக்காக உறங்கிவிட, அவற்றிலுள்ள தொப்பிகளும் உடன் உறங்கிவிடுகின்றன. 2001-இல் பிறந்த தொப்பிகளில் எத்தனை இன்று நடமாடுகின்றன என்று பார்த்தால், மொத்த உற்பத்தியில் ஒரு சிறு பகுதிதான் மிஞ்சியிருக்கும். எங்கள் தொழிலில் சரக்குதான் பழசாகிறது. அங்கே சரக்கு அப்படியே இருக்கிறது, அதை வைத்திருப்பவர்கள் காணாமல் போகிறார்கள்.

ரேஞ்சரின் கேள்விக்கு வியாபாரி என்ற முறையில் என் பதில்: வாங்கினால் விற்க முடிய வேண்டும். விற்க முடியாத பொருளுக்குப் பேரம் பேசி எனக்குப் பழக்கமில்லை.


வியாசை வில்லாளி எழுதியது:

கட்பீஸ் அண்ணன் சொல்வது வியாபாரிக்குச் சரியாக இருக்கலாம். ஆட விரும்புகிறவனுக்கு அது சரிப்படாது. கணக்கோடு கட்டிவைப்பதையே நான் ஆதரிக்கிறேன், காரணத்தையும் சொல்கிறேன்.

கைமாற்றக்கூடிய எதற்கும் வெளியுலகில் ஒரு விலை முளைத்துவிடுகிறது. எவர்க்வெஸ்ட் என்ற ஆட்டம் 1999-இல் வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அதன் பிளாட்டினம் காசுகளும் பொருள்களும் டாலருக்கு ஏலம் போயின. அந்த ஏல விலைகளைத் திரட்டிய பொருளியலாளர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா, அந்தக் கற்பனை உலகின் தலா வருமானம் சுமார் 2,266 டாலர் என்றும், அது ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையில் நிற்கிறது என்றும் 2001-இல் கணக்கிட்டார். படிக்க வேடிக்கையாக இருக்கும். அதன் பின்னால் வந்தது வேடிக்கை இல்லை. நாள் முழுக்க ஒரே அரக்கனை அடித்துக்கொண்டிருக்கும் கூலி ஆள்களும் தானியங்கி நிரல்களும் வேட்டைக்களங்களை நிரப்பினார்கள். சாதாரண ஆட்டக்காரனுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

ரேஞ்சர் புகழும் ரூன்ஸ்கேப்பிலேயே என்ன நடந்தது? ஆட்டத்தின் தங்கத்தை அசல் பணத்துக்கு விற்பவர்கள் திருட்டுக் கடன் அட்டைகளைக் கொண்டு சந்தா கட்டினார்கள். வங்கிகள் அந்தப் பணத்தை நிறுவனத்திடமிருந்து திரும்பப் பிடுங்கிக்கொண்டன. ஒரு பக்கம் மட்டும் லாபம் அடையும் கொடுக்கல்வாங்கலையே 2008 ஜனவரியில் முடக்கும் நிலைக்கு ஜாகெக்ஸ் வந்தது. நண்பனுக்கு ஒரு நல்ல கவசத்தைச் சும்மா கொடுக்கக்கூட வழியில்லாமல் போனது.

டியாப்லோ 3 இன்னும் பெரிய சாட்சி. 2012-இல் உண்மையான பணத்துக்கே ஏலக்கூடம் திறந்தார்கள். அரக்கனைக் கொன்று பொருளைத் தேடுவதற்காக இருந்த ஆட்டத்தில், தேடுவதைவிட ஏலக்கூடத்தில் வாங்குவது மலிவு என்றாகிவிட்டது. 2014 மார்ச் 18 அன்று தாங்களே அதை மூடினார்கள். சந்தை நல்லது என்பவர்கள் இந்தத் தேதியை மறந்துவிடக் கூடாது.


தண்டையார் தாரகை எழுதியது:

உடை என்றாலே வசதியைக் காட்டிக்கொள்வது என்று மூன்று பேருமே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் நான் நெசவுத் தொழில் செய்கிறேன், என் விற்பனையில் பாதிக்கு மேல் பலமே இல்லாத உடைகள். வாங்க வருகிறவர்களில் பெரும் பணக்காரர்கள் சிலரே. தன் கதாபாத்திரம் ஒரு மீனவப் பெண்ணைப் போலவோ ஓய்வுபெற்ற படைவீரனைப் போலவோ தெரிய வேண்டும் என்று மனத்தில் ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு, அதற்கேற்ற கால்சட்டையைத் தேடி அலைகிறவர்களே மிகுதி. உடையலங்காரம்தான் ஆட்டத்தின் உண்மையான கடைசிக் கட்டம் என்று அங்கே பாதி கேலியாகச் சொல்வார்கள். மீதிப் பாதி உண்மை.

ஒரு சின்ன விஷயத்தை அருகில் வைத்துக் காட்டுகிறேன். அந்த ஆட்டத்தில் பெரும்பாலான சாயங்கள் ஊர்க் கடையிலேயே சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஆனால் ஜெட் பிளாக் எனப்படும் ஆழ்ந்த கறுப்பும் தூய வெள்ளையும் அந்தக் கடையில் இல்லை. நாம் வேலைக்கு வைத்திருக்கும் ரிடெய்னரை வெளியே அனுப்பினால், அதிர்ஷ்டம் இருந்தால் எப்போதாவது ஒரு புட்டியைக் கொண்டுவருவார். அல்லது நிறுவனத்தின் இணையக் கடையில் அசல் பணம் கொடுத்து வாங்க வேண்டும். சாதாரணக் கறுப்புக்கும் இந்தக் கறுப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். சாதாரணக் கறுப்பு வெயிலில் கொஞ்சம் சாம்பல் அடிக்கும். அந்தச் சாம்பலைப் போக்கத்தான் பல லட்சம் கில் (அந்த ஆட்டத்தின் காசு) கொடுக்கிறார்கள். 2024-இல் டான்ட்ரெயில் விரிவாக்கம் ஒரே உடையில் இரண்டு இடங்களுக்குத் தனித்தனியாகச் சாயம் ஏற்றும் வசதியைக் கொண்டுவந்தபோது, ஒரு புட்டி போதும் என்றிருந்தவர்கள் இரண்டு தேட ஆரம்பித்தார்கள்.

இதில் வில்லாளிக்கு ஒரு பதிலும் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் பெரிய பாஸை வென்றால் கிடைக்கும் கவசங்களை விற்க முடியாது; நாங்கள் தைக்கும் உடைகளை விற்கலாம். வென்றவரின் உடை ஒரு சேதி சொல்கிறது, தைத்த உடை இன்னொரு சேதி சொல்கிறது. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் பிரித்துத் தெரிகின்றன. எல்லாவற்றையும் கட்டிவைக்க வேண்டும் என்றோ எல்லாவற்றையும் அவிழ்த்துவிட வேண்டும் என்றோ யார் உங்களைக் கட்டாயப்படுத்தினார்கள்?


கொருக்குப்பேட்டை குரு எழுதியது:

இவ்வளவு நாளும் நான் வைத்திருந்தது சாதாரணக் கறுப்பா? இப்போதுதான் கதாபாத்திரத்தை வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். தங்கச்சி சொன்னது சரிதான், சாம்பல் அடிக்கிறது. நிம்மதி போயிற்று.


பெரம்பூர் லோகோ எழுதியது:

வயதில் மூத்தவன் என்பதால் கொஞ்சம் பழங்கதை பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்லாளி தம்பி, டியாப்லோ 3 உங்கள் கட்சிக்குச் சாட்சியாக வரவில்லை. அந்த ஏலக்கூடத்தில் விலைபோனவை வாளும் கவசமும், எண்கள். எண்ணைக் காசு கொடுத்து வாங்க முடிந்தபோது, எண்ணுக்காகச் சண்டையிடும் ஆட்டம் வெறுமையாயிற்று. அங்கே விற்றது தொப்பியாக மட்டும் இருந்திருந்தால் அந்த ஆட்டம் அப்படிக் கெட்டிருக்காது. ரூன்ஸ்கேப் கதையையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்: முடக்கிய வணிகத்தை ஆட்டக்காரர்களிடையே வாக்கெடுப்பு நடத்தி 2011 பிப்ரவரி 1 அன்று திறந்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் முடங்கிக் கிடந்த பிறகும் பெருவாரியான ஆட்டக்காரர்கள் கேட்டது சந்தையைத்தான்.

உடையின் உண்மையான வேலையை நான் ராக்னராக் ஆன்லைனில் பார்த்தேன். 2000-களின் நடுவில் அது இந்தியச் சேவையகத்திலும் ஓடிய காலத்தில், பெரம்பூரில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆடினோம். அந்த ஆட்டத்தில் தொப்பிகள் பலவற்றை நாமே பொருள் சேர்த்துச் செய்துகொள்ள வேண்டும். முயல் காது வைத்த தலைப்பட்டை ஒன்றுக்கு 100 இறகுகள், ஒரு முத்து, ஒரு நாலிலைத் தழை, ஒரு பூனைக்காதுப் பட்டை ஆகியவை தேவை. சிறிய அரக்கர்கள் உதிர்க்கும் இறகைக் கடைக்காரரிடம் போட்டால் பைசா பெறாது. ஆனால் முயல் காது வேண்டும் என்று யாராவது ஆசைப்படும் வரை, அன்றுதான் ஆடத் தொடங்கிய சிறுவனின் பையிலுள்ள இறகுக்கும் ஒரு விலை இருந்தது. உயர்ந்த நிலை ஆட்டக்காரனுக்குக் கீழ்நிலையானிடம் வாங்குவதற்கு வேறு எதுவுமே இல்லை. அந்த இறகு ஒன்றுதான் மேலிருந்து கீழே பணத்தை இறக்கியது. தொப்பியின் ஆசை இல்லாவிட்டால் கீழ்த்தட்டுக்குப் பணம் வரும் வாய்க்காலே அங்கே கிடையாது.

வணிகர் என்றொரு தொழில் அந்த ஆட்டத்தில் உண்டு. தள்ளுவண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, விற்பனைத் திறனை உச்சத்துக்குக் கொண்டுபோனால் 12 வகைச் சரக்கைப் பரப்பிவிட்டுப் பிரான்டெரா நகரத் தெருவில் உட்காரலாம். தலைக்கு மேல் ஒரு பலகை தெரியும். அதில் நாமே எழுதிக்கொள்ளலாம். பத்து லட்சம் ஸெனிக் காசு பெறும் தொப்பிக்குப் பின்னால் ஒரு சுழியைச் சேர்த்து ஒரு கோடி என்று போட்டுவிட்டு, அவசரத்தில் ஒருவன் அழுத்திவிட மாட்டானா என்று காத்திருக்கும் திருடர்களும் அதே தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். காசு அடுக்கும்போது சுழிகளை விரல் வைத்து எண்ணும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. இன்றைக்கும் ஜிபே அனுப்பும்போது எண்ணுகிறேன்.

இனி நிறுவனமே கடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்து நாட்டின் சி.சி.பி. நிறுவனம் நடத்தும் விண்வெளிக் கப்பல் ஆட்டம் அது. கப்பல்கள், தோட்டாக்கள், உலோகங்கள் என அதில் புழங்குவனவற்றில் பெரும்பாலானவற்றை ஆட்டக்காரர்களே செய்து ஆட்டக்காரர்களுக்கே விற்கிறார்கள். 2011 ஜூனில் அங்கே உடைக் கடை ஒன்றைத் திறந்து, ஒற்றைக் கண்ணாடி ஒன்றுக்குச் சுமார் 60 டாலர் விலை வைத்தார்கள். கப்பலுக்கு உள்ளேயே இருக்கும் ஆளின் கண்ணில் மாட்டும் கண்ணாடி! ஜீட்டா என்னும் வணிக மையத்தில் திரண்ட ஆட்டக்காரர்கள், அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டுத் தள்ளினார்கள். அது உடையாது என்று தெரிந்தும் சுட்டார்கள். கண்ணாடியின் விலையைவிட, அடுத்தபடியாகப் பலம் தரும் பொருள்களும் அதே கடைக்கு வந்துவிடுமோ என்ற அச்சம்தான் அவர்களை இறக்கிவிட்டது. நிறுவனம் ஆட்டக்காரர் மன்றத்தினரைத் தலைநகருக்கு வரவழைத்துப் பேச வேண்டியதாயிற்று.

ஆனால் அதற்கு ஓராண்டு முன்பு, 2010 ஏப்ரலில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் நட்சத்திரங்கள் மின்னும் குதிரையை 25 டாலருக்கு விற்றபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையக் கடை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். ஆக, நிறுவனம் விற்பதையே மக்கள் வெறுக்கிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. வாங்கி ஏறி ஊருக்குள் போனால் அடுத்த தெருவிலும் அதே குதிரை நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.


எண்ணூர் அலை எழுதியது:

அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் வணக்கம். நான் கல்லூரி மாணவன். நீங்கள் பேசும் பழைய ஆட்டங்களை நான் ஆடியதில்லை. நாங்கள் எல்லாம் மொபைல்தான். ஒரு சந்தேகம் இருக்கிறது. என் சித்தப்பா மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஃப்ரீ ஃபயரில் பழைய சீசன் உடைகள் எல்லாம் இருக்கும் ஒரு ஐடி (ஆட்டக் கணக்கு) 3,000 ரூபாய்க்கு வருகிறது என்று, வாட்ஸ்அப் குழுவில் கிடைத்த யாரோ ஒருவரிடம் பேசி முடித்துவிட்டான். அந்த உடைகள் இனிமேல் கிடைக்கவே கிடைக்காது, அதனால் வாங்கினால் லாபம்தான் என்கிறான். ஆர்.பி.ஜி. இல்லைதான், ஆனாலும் உங்கள் பேச்சுக்குப் பக்கத்தில் வருவதால் கேட்கிறேன். வாங்கலாமா?


மட்டுறுத்துநர்:

ஐடி விற்பனை, வாங்கல் குறித்த விலை, தொடர்பு எண் எதையும் இங்கே பதியக் கூடாது. எண்ணூர் அலை ஆலோசனை மட்டுமே கேட்டிருப்பதால் அவருடைய பதிவை விட்டுவைக்கிறேன். பதில் சொல்கிறவர்கள் தலைப்பை ஒட்டிச் சொல்லுங்கள்.


ராயபுரம் ரேஞ்சர் எழுதியது:

தம்பி, வாங்க வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுங்கள். அந்த ஐடி முதலில் எந்தக் கூகுள் கணக்கோடு, எந்த ஃபேஸ்புக் கணக்கோடு கட்டப்பட்டதோ, அதன் சாவி விற்றவரிடமே இருக்கும். பணம் கை மாறிய பிறகு, கணக்கு திருடு போய்விட்டது என்று முறையிட்டு அவர் மீட்டுக்கொள்வார். அதையே அடுத்தவருக்கும் விற்பார். கணக்கை விற்பதும் வாங்குவதும் நிறுவனத்தின் விதிப்படி தவறு என்பதால் உங்கள் தம்பி போய் முறையிடவும் இடமில்லை. அவன் கையில் ரசீது என்று இருப்பது ஒரு வாட்ஸ்அப் உரையாடல் மட்டுமே, எதிராளி அதையும் அழித்துவிடுவார்.

என் கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். வில்லாளி சொல்வதைப் போல உடையைக் கணக்கோடு கட்டியாயிற்று. வணிகம் நின்றதா? சட்டையைத் தனியாக விற்க விடவில்லை, எனவே சட்டை போட்ட ஆளையே சேர்த்து விற்கிறார்கள். வரிசை கட்டி உட்கார்ந்த பிரான்டெரா தெருவில் சுழியைக் கூட்டிப் போட்டவனை நாலு பேர் பார்த்து, அடுத்தவரை எச்சரிக்க முடிந்தது. வாட்ஸ்அப் குழுவில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஆட்டத்துக்குள் ஒரு கூடம் கட்டி, இரு தரப்பின் பொருளையும் பிடித்துவைத்துக்கொண்டு, ஒரே நொடியில் மாற்றிக் கொடுக்கும் ஏற்பாட்டை நிறுவனம் செய்திருந்தால் அந்தப் பையன் 3,000 ரூபாயை முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்பும் நிலைக்கு வந்திருக்க மாட்டான்.

இன்னொன்றும் உண்டு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அதுவரை உடைகளுக்காக யூ.சி. என்ற ஆட்டக் காசு வாங்கியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 2021-இல் அதன் இந்தியப் பதிப்பான பி.ஜி.எம்.ஐ. வந்தபோது பழைய கணக்கின் உடைகளைக் கொண்டுவர வழி செய்தார்கள். செய்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் அவர்களுக்கு இல்லை. கட்டப்பட்ட உடையை நாம் வாங்குவதில்லை, அனுமதி பெற்று உடுத்திக்கொள்கிறோம்.


வியாசை வில்லாளி எழுதியது:

ஐடி விற்பனையைப் பற்றி ரேஞ்சர் சொன்னதை மறுக்க மாட்டேன். எங்கள் தெருவிலும் பையன்கள் இப்படி ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் கூடம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அதீத நம்பிக்கை. கூடத்தை நடத்துவதும் அதே நிறுவனம்தானே? மேப்பிள்ஸ்டோரியில் கவசத்தின் கூடுதல் திறன்களை மாற்றும் கியூப்களைக் காசுக்கு விற்ற நெக்ஸான் நிறுவனம், 2010 முதல் அதன் வாய்ப்பு விகிதங்களை ஆட்டக்காரர்களுக்குச் சொல்லாமல் குறைத்தது என்று கண்டறிந்து, தென்கொரிய வணிக ஆணையம் 2024 ஜனவரியில் சுமார் 1,160 கோடி வோன் தண்டம் விதித்தது. மிகவும் விரும்பப்பட்ட சில சேர்க்கைகள் கிடைக்கும் வாய்ப்பையே பூஜ்ஜியமாக்கி வைத்திருந்தார்களாம். தராசு யார் கையில் இருக்கிறதோ அவர் மனம் வைத்தால்தான் எடை. அதே ஆண்டு மார்ச்சிலிருந்து அந்நாட்டில் வாய்ப்பு விகிதங்களை வெளியிடுவது சட்டக் கட்டாயம் ஆயிற்று.


தண்டையார் தாரகை எழுதியது:

வில்லாளி, நீங்கள் இப்போது எதிர்ப்பது சந்தையை அல்ல, சீட்டுக்குலுக்கலை. விலையை எழுதி ஒட்டிவிட்டு விற்கும் தொப்பியும், மூடிய பெட்டிக்குள் வைத்து ஆசை காட்டும் தொப்பியும் ஒன்றாகிவிடாது. கில்டு வார்ஸ் 2 ஆட்டத்தில் 2017 நவம்பரில் சவாரி விலங்குகளின் புதிய தோற்றங்களை எது கிடைக்கும் என்று சொல்லாமல் விற்றபோது, அந்த நிறுவனம் உடைகளை விற்றே பிழைக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டிருந்த ஆட்டக்காரர்களே கொதித்தெழுந்தார்கள்.

அதே ஆட்டத்திலிருந்து நல்லதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உடை எப்படிச் சந்தையைக் காக்கிறது என்பதை அங்கேதான் தெளிவாகப் பார்க்கலாம். இந்த ஆட்டங்களில் பணம் ஊற்றெடுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் அரக்கனைக் கொல்லும்போதும் முன்பு இல்லாத காசு புதிதாகப் பிறக்கிறது. வடிகால் இல்லாவிட்டால் ரொட்டியின் விலை வாளின் விலைக்குப் போய்விடும். கில்டு வார்ஸ் 2 வணிகக் கூடத்தில் பொருளைப் பட்டியலிட 5 விழுக்காடும் விற்றவுடன் 10 விழுக்காடும் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த 15 விழுக்காடும் யாருக்கும் போவதில்லை, அழிந்துவிடுகிறது. 2014-இல் அங்கே உடையறை வந்தபின், ஓர் உடையின் தோற்றத்தைத் திறந்தால் அந்த உடை கணக்கோடு ஒட்டிக்கொள்கிறது; மறுபடி சந்தைக்குத் திரும்புவதில்லை. வாங்கும் வரை சந்தைப் பொருள், உடுத்திய பின் சொந்தப் பொருள். எனவே ஒவ்வோர் உடையும் விற்கும்போது காசையும் தின்கிறது, உடுத்தும்போது சரக்கையும் தின்கிறது. காகிதத் தொப்பியோ கை மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் முதலீட்டுக்காரர்களின் பெட்டிக்குள் போய் முடங்கியது. யாரும் அதை உடுத்துவதற்காக வாங்குவதில்லை, கட்பீஸ் அண்ணனைப் போல.


எம்.சி. ரோடு கட்பீஸ் எழுதியது:

குத்தியது போதும், தங்கச்சி. உடுத்தியதும் ஒட்டிக்கொள்ளும் ஏற்பாடு எனக்கும் பிடித்திருக்கிறது. எங்கள் கடையிலும் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்கு இப்படி ஒன்று இருந்தால் தேவலை.


பெரம்பூர் லோகோ எழுதியது:

உடையறை பற்றித் தாரகை சொன்னதற்கு ஒரு துணைச் செய்தி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2007 வாக்கில், பலமான கவசங்களை எல்லாம் சேர்த்து மாட்டினால் சர்க்கஸ் கோமாளியைப் போலத்தான் இருக்கும்; பச்சைத் தோள்பட்டை, ஊதாக் கால்சட்டை, மஞ்சள் கையுறை. 2011 நவம்பரில் வெளியான 4.3 திருத்தம் ஒரு கவசத்தின் மேல் இன்னொன்றின் தோற்றத்தை ஏற்ற அனுமதித்தது. உடனே ஏலக்கூடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த கீழ்நிலைக் கவசங்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். ஆள் நடமாட்டம் நின்றுபோன பழைய நிலவறைகளுக்குள் உயர்நிலை வீரர்கள் தனியாகப் போய் ஒரே ஒரு தொப்பிக்காக வாரந்தோறும் மோதினார்கள். ஆனால் மூல உடையைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் தோற்றம் கிடைக்கும் என்ற விதி இருந்ததால் எல்லோர் பெட்டியும் பிதுங்கியது. 2016-இல் தோற்றத் தொகுப்பு வந்த பிறகுதான் அந்த மூட்டைகளைக் காலி செய்ய முடிந்தது. நிறுவனம் ஒரு புதிய பொருளைக்கூட வரையாமல், ஏற்கெனவே இருந்த ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு ஒரே நாளில் விலை உண்டாக்கிய வேறொரு நிகழ்வை நான் கண்டதில்லை.


எண்ணூர் அலை எழுதியது:

தம்பியிடம் பேசிவிட்டேன். முன்பணம் எதுவும் அனுப்பவில்லை. இன்றிரவு அனுப்புவதாக இருந்தானாம். கோபத்தில் இருக்கிறான். கணினி ஆட்டத்தில் உடை தைத்து விற்கலாம் என்று தாரகை அக்கா எழுதியதைப் படித்துக் காட்டியதும், அதை எப்படித் தொடங்குவது என்று கேட்கிறான். பொதுத்தேர்வு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.


தண்டையார் தாரகை எழுதியது:

தேர்வு முடிந்து வரட்டும். அவனுக்காக இப்போதே எழுதி வைக்கிறேன், நெசவுக்கு வருகிற வேறு யாருக்கும் பயன்படும். தொடக்கத்தில் பலம் தரும் கவசங்களைத் தைத்துப் போட்டிக்குப் போக வேண்டாம். பெரிய திருத்தம் வெளியான முதல் இரண்டு நாள்களில் பழைய கைகள் அந்தச் சந்தையை அள்ளிவிடுவார்கள், பிறகு விலை விழுந்துவிடும். அலங்கார உடைகளில் மூன்று நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு ரிடெய்னருக்கு 20 இடங்கள்தான் உண்டு என்பதை நினைவில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் உருப்படி மட்டும் போடவும். ஒரே உடையைப் பத்து உருப்படி அடுக்கினால் வாங்குபவர் அவசரப்படாமல் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார். அடுத்தவர் ஒரு கில் குறைத்துப் போட்டால் ஓடிப்போய் நாமும் ஒரு கில் குறைக்க வேண்டியதில்லை; அலங்கார உடை வாங்க வருகிறவர்கள் வார இறுதியில்தான் மொத்தமாக வருவார்கள், அப்போது இருவருடையதும் போய்விடும். சாயப் புட்டியை விற்பதா வைத்திருப்பதா என்று குரு அண்ணன் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். புதிய உடைகள் வெளியாகும் வாரத்தில் விற்றுவிடுங்கள். உங்கள் கதாபாத்திரத்துக்கு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு.


கொருக்குப்பேட்டை குரு எழுதியது:

என்னிடம் இருப்பதே ஒன்றுதான். ஏற்கெனவே பூசிவிட்டேன்.